போன் அக்காவின் முகம்

பலாப்பழத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு அந்தப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். மலைமேலேயே இருக்கும் குண்டூர் நாட்டுக் கிராமத்திலிருந்து அதைத் தோளில் சுமந்தே வந்திருந்தார். "பேத்தி பொறந்திருக்குதுங்க. போன் அக்காவுக்குன்னு மொதப் பழம் அறுத்தாந்தேன்" என்றார். கொல்லிமலையில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நன்றி இப்படித்தான் வந்து சேரும். நான் ரத்தம் பரிசோதிக்கிறவள். போன் அக்கா நானில்லை, அதோ ஊசி போட்டுக்கொண்டிருக்கும் நர்ஸ்தான் என்று கையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, பழத்தை என் பக்கமே இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த நர்ஸுக்குச் சின்னக் கண்கள், மேடிட்ட கன்னங்கள், தட்டை மூக்கு. அவளுடைய அப்பா டார்ஜிலிங் பக்கத்து மலையிலிருந்து நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு வாட்ச்மேனாக வந்தவர். அவள் பிறந்தது, படித்தது, பிள்ளைகளோடு சண்டை போட்டு வளர்ந்தது எல்லாம் நாமக்கல்லில்தான். கர்ப்பிணிகளுக்குப் போன் போட்டு, செக்கப்புக்கு நாள் சொல்வதும் மாத்திரை சாப்பிட்டார்களா என்று விசாரிப்பதும் அவள் வேலை. "ஏங் கண்ணு, சாப்டியா?" என்று அவள் இழுக்கிற இழுப்பில், வாய் திறக்காத மருமகள்கள்கூட வீட்டு விஷயமெல்லாம் கொட்டிவிடுவார்கள். அதே பெண்கள் நேரில் வந்தால் அவளிடம் சைகையில் பேசுவார்கள். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுக் காட்டுவார்கள். ஆண்களோ தங்களுக்குத் தெரிந்த இரண்டு இந்திச் சொற்களை எடுத்து விடுவார்கள். அவள் தமிழில் பதில் சொன்னால், எப்படியோ நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள் என்று பாராட்டு வேறு. போனில் பேசியது நான்தான் என்று அவளே சொன்னாலும், சிலர் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தப் பலாவை மத்தியானம் இரண்டு பேருமாகத்தான் அறுத்தோம். கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு சுளை எடுத்தபடியே, "என்னயப் பாத்ததும், நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி, ஒருத்தராச்சும் தமிழ்ல பேசோணுங்க்கா. அவ்வளவுதான் எனக்கு ஆச" என்றாள். நான் சேலத்தில் படிக்கப் போனபோது, பேச ஆரம்பித்த உடனே மலைக்காரியா என்று கேட்பார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். "உங்களுக்கு வாய் காட்டிக் குடுத்துச்சு. எனக்கு மூஞ்சி" என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, கையிலிருந்த சுளையை வெகுநேரம் வாயில் போடவில்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணமாகி, அப்பாவின் மலைக்கே போய்விட்டாள். அங்கே முகத்தைப் பார்த்ததும் எல்லோரும் தங்கள் பேச்சிலேயே பேசுகிறார்களாம். அவள் பதில் சொல்ல ஆரம்பித்ததும், எந்த ஊர்ப் பெண் என்று கேட்கிறார்களாம். வாரத்துக்கு ஒருமுறையாவது எனக்குப் போன் செய்வாள். விசேஷமாக ஒன்றும் இருக்காது. நம் பேச்சு காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். வீடியோ போட்டால் எங்கள் மலையில் சிக்னல் நிற்பதில்லை.

போன வாரம் அவள் கூப்பிட்டபோது, இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்த பெண் ஒருத்தி ரத்தம் கொடுக்க என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் முதல் பிரசவத்தில் விடிய விடியக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், போனில் கூப்பிட்ட இவள்தான். எதிரில் யார் இருக்கிறாள் என்று சொல்லி, ஆசையாக ஸ்பீக்கரில் போட்டேன். "ஏங் கண்ணு, நல்லாருக்கறயா?" என்று குரல் வந்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. போன் அக்காவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. உன் தலைச்சன் பிள்ளையைக் கையில் வாங்கியவளே இவள்தான் என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அது நேபாளத்து அக்காங்க. இவங்க நம்ம அக்கா."

போனில் இருப்பவள் அதை மறுத்துச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"ஆமா கண்ணு, உங்க அக்காதான்" என்றாள். சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் சந்தோஷமாக எழுந்து போனாள். இந்த மலைக்கு அவள் குரல் போதும் போலிருக்கிறது. எனக்குப் போதவில்லை. எனக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.