சுருளுக்கு அடியில் சந்தனம்

குமுதாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் புக்கிட் செந்தோசா ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பல்லி, இடி, மகளின் பள்ளியிலிருந்து வரும் போன், எதுவானாலும் அவள் துள்ளி விழுவாள். கோலசிலாங்கூர் பக்கம் எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுப் பாம்புக்குப் பயந்துதான் டவுன் வேலைக்கே ஓடி வந்தாள். ஓடி வந்து சேர்ந்த இடத்தைப் பாருங்கள்: ராவாங்கில் லேசர் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலை. அங்கே ஓடும் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. தெரியாமலே கண்ணைப் பொசுக்கிவிடும். சேர்ந்த புதிதில் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கழிப்பறைக்குக்கூடப் போய்வந்தாள் மகராசி.

ஆனால் கை மட்டும் நடுங்காது. மயிரிழை போன்ற கண்ணாடி நாரை வெட்டி, இன்னொரு நாரோடு உருக்கி ஒட்டி, வட்டமாகச் சுருட்டித் தட்டில் வைப்பது அவள் வேலை. ஒளி அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடி, ஒரு கட்டத்தில் மொத்தமும் ஒரே கொத்தாகச் சேர்ந்து துடிக்க ஆரம்பிக்கும். அப்போது சோதனைத் திரையில் வேலிக்கம்பு நட்டதுபோல் கோடுகள் வரிசையாக நிற்கும். எங்கேயாவது நார் லேசாக அழுந்தினாலும் துடிப்பு செத்துப்போகும். அதனால் என்ஜினியர் புனிதன் நாரை இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்த்து, துடிப்பு நிலைத்ததும் அந்த இடத்தில் பசை போட்டு இறுக்கிவிடுவான். அதன் பிறகு தட்டைப் பெட்டிக்குள் அடைத்துக் கண் அறுவை இயந்திரங்களுக்கு அனுப்புவார்கள்.

யாருக்கும் தெரியாமல் குமுதா ஒரு காரியம் செய்துவந்தாள். புதுக் காரைச் சந்தனம் வைக்காமல் ரோட்டில் இறக்குகிறவர்கள் உண்டா? இவள் ஒவ்வொரு பெட்டியிலும் தட்டில் ஒரு துளி சந்தனம் வைத்து, அதன்மேல் சுருளை வைப்பாள். அந்த இயந்திரத்தின் கீழே கண்ணைத் திறந்துகொண்டு படுக்கப் போகிறவர்களை நினைத்தால் அவளுக்கு அவ்வளவு பயம். "முருகா, கண்ணைக் காப்பாத்து" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவைப்பாள்.

போன வாரம் ஒரு செய்தி வந்தது. ஒரு மருத்துவமனையில் சோதனை ஓட்டத்தின்போது இவர்கள் பெட்டி தானாக நின்றுவிட்டதாம். நல்ல வேளை, படுக்கையில் ஆள் இல்லை. புனிதன் சோறு தண்ணி இல்லாமல் காரணம் தேடினான். "நான் போட்ட பசைதான் விட்டுப்போச்சு போல, அக்கா" என்று புலம்பினான். பெட்டிகளை வாங்கும் கம்பெனியின் ஆட்கள் இன்று மதியம் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் புதுப் பெட்டியைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்.

காலையிலிருந்து குமுதா அந்தப் பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தாள். சந்தனத்தைக் கண்டால் முதலில் சிரிப்பார்கள். பிறகு வேலையை விட்டுத் துரத்துவார்கள். இந்த வயதில் மறுபடியும் செம்பனைக் காட்டுக்கா போவது?

எல்லோரும் சாப்பிடப் போனதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் மூடியைத் திறந்தாள். சுருளின் ஒரு ஓரத்தைத் தூக்கினாள். காய்ந்த சந்தனம் நாரைப் பிடித்துக்கொண்டு இருந்தது. ஈரத் தாளால் மெல்லத் துடைத்தெடுத்தாள்.

திரையில் கோடுகள் ஆடின. பிறகு சரிந்தன. வேலி நின்ற இடத்தில் புல் மண்டியது.

சுருளை இறக்கினாள், நகர்த்தினாள், மறுபடி இறக்கினாள். துடிப்பு திரும்பவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புனிதன் நாரை முறுக்கிச் சரிபார்த்ததெல்லாம் இந்தச் சந்தனத்தின் பிடியையும் சேர்த்துத்தான். பிடி போனதும் துடிப்பும் போய்விட்டது. மருத்துவமனையில் அது காய்ந்து உதிர்ந்திருக்க வேண்டும்.

மூடியைப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்? பசைமேல் பழி போகும், புனிதன் தலை உருளும். அவள் மூடியைக் கையில் எடுத்தேவிட்டாள்.

புனிதன் குடிக்க வாங்கிய தே ஓ ஐஸ் தேநீர்ப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான். "என்னாச்சுக்கா?"

குமுதா மூடியைக் கீழே வைத்தாள். மஞ்சள் கறை படிந்த தாளை நீட்டினாள். "சந்தனம், தம்பி. சுருளுக்கு அடியில நான்தான் வெச்சேன். இப்பதான் தொடச்சேன். தொடச்சதும் நின்னுருச்சி."

அவன் கத்தவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"முந்தி போன பெட்டியிலயும் வெச்சீங்களா?"

"ஆமா."

"எதுலலாம்?"

"எல்லாத்துலயும், தம்பி."

புனிதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "இந்நேரம் எங்கயாச்சும் மெஷினுக்குக் கீழ ஆள் படுத்திருப்பாங்கக்கா" என்றபடி போனை எடுத்து ஒரு மருத்துவமனை எண்ணைத் தட்டினான்.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. குமுதா திரும்பிப் பார்க்கவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் இமைக்காமல் மேலே பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் அவள் கண்முன் நின்றது. எப்போதும் சொல்லும் வார்த்தையைச் சொல்லப் பார்த்தாள், வாய் வரவில்லை. போனில் அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.