நாங்கள் கட்டிய கறுப்புத் துணி

மூன்று வருடங்களுக்கு முன், இலங்கையில் தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. நான் அங்கே பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போனால் குழந்தைகளை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். படித்தவள் என்று ஒரு பெயர் உண்டு. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு ஞாயிறு மதியம், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஒருவர் தோட்டத்து எல்லையில் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போனார். வெளியே இருந்து வந்த ஒருவன், தமிழனை இழிவாகச் சொல்லும் சிங்களச் சொல்லால், தெமளாவுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுக் கட்டையால் அடித்துவிட்டான். வலது கை முறிந்தது. பால் வெட்டும் கை அது.

எனக்கு இரத்தம் கொதித்தது. மறுநாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, எல்லாரும் கையில் கறுப்புத் துணி கட்டி வர வேண்டும் என்று லயம் லயமாகச் சொல்லிவிட்டு வந்தேன். பழைய குடைத் துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது அடிபட்டவருடைய மனைவி வந்தார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"டீச்சர், நாளைக்கு எட்டு மணிக்குப் பொலிசுக்குக் கூட வாங்க. எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்கத் தெரியாதுங்க."

எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான். கடையிலும் பஸ்ஸிலும் சிங்களத்தில் வெளுத்து வாங்குவோம், எழுத்து என்றால் முழிப்போம். வாசிக்கத் தெரிந்த சிலரில் நான் ஒருத்தி. பெரட்டு முடிந்ததும் நேரே வந்துவிடுகிறேன் என்றேன்.

காலையில் நூறு பேருக்கு மேல் துணி கட்டி நின்றோம். படம் எடுத்துப் போனில் போட்டேன். யார் யாரோ பாராட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வெட்கமில்லாமல். பொலிஸ் ஞாபகம் வந்தபோது அக்கா கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

இரண்டு வாரமாகியும் அடித்தவனை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அப்போதுதான் அக்காவோடு பொலிசுக்குப் போய், சிங்களத்தில் எழுதியிருந்த அந்த முறைப்பாட்டை வாசித்தேன். இரண்டு பக்கமும் வாய்த்தகராறு, வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது, சமாதானமாகிவிட்டோம், மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம். கீழே அக்காவின் கையெழுத்து. தான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நம்பி வைத்தது. மாற்றச் சொல்லிக் கெஞ்சினோம். கையெழுத்து வைத்தாகிவிட்டதே என்றார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நூறு பேரு துணி கட்டுனீங்க டீச்சர். எனக்கு ஒரு ஆளு போதுமா இருந்துச்சு."

அவருடைய கணவருக்குக் கை சரியாகச் சேரவில்லை, பால் வெட்டப் போக முடியாமல் வீட்டிலேயே இருக்கிறார். அடித்தவன் அதே பீலியில் குளிக்கிறான், எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை. துணி கட்டியது தப்பென்று சொல்லமாட்டேன். அன்று பலர் பயத்தை விழுங்கிக்கொண்டுதான் கட்டினார்கள். எனக்கு மட்டும் அது சுலபமான வேலை. நான் கூடப் போயிருந்தாலும் நியாயம் கிடைத்திருக்காது என்றே தோன்றுகிறது. ஆனால் அந்தப் பொய்க்குக் கீழே அக்காவின் கையெழுத்து விழுந்திருக்காது, அதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை.