எட்டு சாரின் கூட்டல்

எங்கள் சான்றிதழ் ஆபீசில் அவருக்கு எட்டு சார் என்றுதான் பெயர். ஊரில் பாதிப் பேர் பிறந்தநாளைப் பழைய காலண்டர்படி குறித்து வைத்திருப்பார்கள். அது அரசாங்கக் காலண்டரைவிடப் பல வருஷம் பின்தங்கி ஓடும். அந்த வருஷத்தோடு எட்டைக் கூட்டி அரசாங்க வருஷமாக எழுதித் தருவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக மனக்கணக்குதான். "எனக்கு மண்டைக்குள்ளயே காலண்டர் ஓடுது" என்று பீற்றிக்கொள்வார். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். சரிபார்த்தேன் என்று சொன்னால் அது பொய்.

போன மாதம் இரட்டைச் சகோதரிகள் வந்தார்கள். நர்ஸ் பயிற்சியில் சேரப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். அக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது. சான்றிதழில் தங்கை ஒரு வருஷம் இளையவளாக இருந்ததால் பதினேழு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"பிரசவம் ஒரு வருஷம் நடந்துச்சாம்மா?" என்றார் எட்டு சார். ஆபீசே சிரித்தது. நானும்தான் பல்லைக் காட்டினேன்.

தங்கை அசரவில்லை. "அக்கா சாயங்காலம் நாலு மணிக்குப் பிறந்தா, நான் ராத்திரி ஏழு மணிக்கு. எங்க காலண்டர்ல பொழுது சாஞ்சா அடுத்த நாள் சார். எனக்கு அது புது வருஷம், முதல் நாள்."

எட்டு சார் மேஜை அடியிலிருந்து காலண்டர் மாற்றும் அட்டவணையை எடுத்துத் தூசி தட்டினார். பழைய காலண்டரில் புது வருஷம் செப்டம்பரில் பிறக்கிறது. அதிலிருந்து டிசம்பர் வரை ஏழுதான் கூட்ட வேண்டும், ஜனவரிக்குப் பிறகே எட்டு. இவர் எல்லாருக்கும் எட்டையே கூட்டியிருக்கிறார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சின்னக் கைப்பிழைம்மா" என்று திருத்தி முத்திரை குத்தினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் போனதும், "மத்தவங்களுக்கும் சொல்லிடணும்" என்று முனகினார்.

"கிளறினா ரெண்டு பேர் வேலையும் போயிடும், பேசாம இருங்க" என்றேன். அதன்பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நன்றாகவே சாப்பிட்டேன், அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நேற்று தங்கை மறுபடி வந்தாள், கூட இன்னொரு பெண்.

"இடம் கிடைச்சிடுச்சு சார். நீங்க ரெண்டு பேர்தான் நான் சொன்னதைக் காது குடுத்துக் கேட்டீங்க. இவ என்கூடப் படிச்சவ. இவளையும் பதினேழுன்னு அனுப்பிட்டாங்க. அக்டோபர்ல பிறந்தவ. இன்னும் ஒரே ஒரு இடம் இருக்காம், நாளைக்குக் கடைசி நாள். இதுவும் கைப்பிழையா இருக்குமா சார்?"

எட்டு சார் எழுந்து நின்றார். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

"இருக்காதும்மா, நான் சரிபார்த்ததுதான்" என்று முந்திக்கொண்டேன்.