கொண்டை முதலில் வந்த மயில்

பழைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு, "இதுக்கு மெமரி பத்தலம்மா. இன்னொண்ணு சொருகினா நல்லா ஓடும்" என்றான் என் மகன். எனக்கு எங்கள் அத்தை ஏணியில் ஏறியது ஞாபகம் வந்துவிட்டது. அவனிடம் சொன்னால் சிரிப்பான்.

எழுபதுகளில் எங்கள் வீட்டுத் தறிக்கு மேலேயும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. ஜக்கார்டு பெட்டி. துளை போட்ட அட்டைகளை மாலையாகக் கோத்து அதில் மாட்டியிருப்பார்கள். மிதிக்க மிதிக்க ஒவ்வோர் அட்டையாகத் திரும்பும். எந்தெந்த இழை மேலே எழவேண்டும் என்று துளைகள் சொல்லும். ஆனால் பெட்டி சின்னது, பாவம். பட்டுப்புடவைக் கரையில் ஓடும் மாங்காய் வடிவத்தோடு அதன் ஞாபகம் தீர்ந்துவிடும். முந்தானை மயிலுக்கு அப்பாவின் தங்கையான அத்தைதான். தறியின் பக்கத்தில் உட்கார்ந்து, இழைகளைத் தூக்கும் கயிறுகளில் எதற்கு அடுத்து எது என்று மனதிலிருந்தே இழுத்துக் கொடுப்பாள். அப்பா நெய்வார்.

தென்னேரியிலிருந்து அத்தைக்கு ஒரு வரன் வந்திருந்தது. அதற்கு முன் வந்தவற்றை நிறம், தூரம் என்று ஏதாவது சொல்லி அப்பா தட்டிவிட்டிருந்தார். இதில் ஒரு குறையும் அகப்படவில்லை.

"அவ போய்ட்டா மயிலை யாரு இழுக்கறது?" என்று அம்மாவிடம் கேட்டார். எனக்கு அது ரொம்ப நியாயமான கேள்வியாகப் பட்டது.

அம்மா சின்ன காஞ்சிபுரத்திலிருந்த தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். மாமா ஒரு பெரிய ஜக்கார்டு பெட்டியை ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எத்தினி அட்டை வேணா தாங்கும்பா இது. மயிலு, யானை எல்லாத்தியும் அதுவே பாத்துக்கும்" என்றார்.

பெட்டியின் உயரத்துக்குக் கூரை இடித்தது. சில ஓடுகளை எடுத்துவிட்டுத் தகரத்தைக் கவிழ்த்தார்கள். அத்தை மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, மாமா கட்டத்தாளில் புள்ளி வைத்து, அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டார். அட்டைகளைக் கோத்தவளும் அத்தைதான். அப்படி ஓர் அவசரத்தை அவள் கையில் நான் பார்த்ததே இல்லை.

மாமா மாலையை மாட்டினார். அப்பா கற்பூரம் காட்டிவிட்டு மிதித்தார். கொஞ்ச நேரத்தில் ஜரிகை மின்னியது. நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். எங்கள் மயில் எப்போதும் காலிலிருந்துதான் முளைக்கும். அன்றைக்குக் கொண்டை முதலில் வந்தது!

"இன்னா எழவு இது, மயிலு தலைகீழா நிக்குது!" அப்பா மிதிப்பதை நிறுத்தினார். "கழட்டிப் போடு இத. நீ பழையபடியே இழுத்துக்கினு இரும்மா." கத்தினாரே தவிர, முகத்தில் அவ்வளவு கோபம் இல்லை.

மாமா அண்ணாந்து அட்டைகளையே பார்த்தார். அத்தைதான் பேசினாள்.

"அட்டைல தப்பு இல்லண்ணா. முன்னபின்ன மாத்தி மாட்டிக்கீது. நான் மாட்டறேன்."

பாவு நூல் ஏறிய தறிக்கு மேலே பெண்பிள்ளைகள் ஏறக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. பந்தை எடுக்க ஏறிய என் முதுகில் அம்மா வைத்த அடி எனக்கு மறக்கவில்லை. அதே அம்மா ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினாள். அப்பா வாயைத் திறந்தார்; அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். மாலை இறங்கியது, திரும்பியது, ஏறியது.

நெய்ததைப் பிரித்துவிட்டு அப்பா மறுபடி மிதித்தார். கால் வந்தது. அப்புறம் மார்பு, கழுத்து. கயிற்றுப் பக்கம் ஒருவரும் இல்லாமலே மயில் முழுசாக எழுந்து நின்றது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மா உள்ளே ஓடிப்போய்ச் சர்க்கரையை எடுத்துவந்து அவள் வாயில் போட்டாள்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ராத்திரி அத்தையின் பக்கத்தில் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அவள் ஜெயித்தால் நான் ஜெயித்த மாதிரி. தெருவில் இறங்கி ஒரு வாசல் விடாமல் ஓடினேன்.

"எங்க ஊட்டு மயிலு தானா வந்துடுச்சி! இனிமே அத்தை இழுக்கவே வாணாம்!"

அத்தை எங்களை விட்டுப் போகப்போகிறாள் என்பதைத்தான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.