ஒருத்திக்கு ஒரு மேசை

அம்மா இறந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவளுடைய குரலைப் பற்றியே பேசினார்கள். நியாயம்தான். நகரத்தின் பெரிய பேருந்து நிலையத்தில் ஓய்வு பெறும்வரை அறிவிப்பாளராக இருந்தவள். எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் என்று அவள் சொன்னால், தூங்குகிறவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். உடன் வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மைக்கம்மா. ஆனால் நான் எழுத நினைப்பது அவளுடைய மதியச் சாப்பாட்டைப் பற்றி.

ஓய்வு பெற்ற மறுநாள் அடுப்பை நன்றாகத் துடைத்துவைத்தாள். ரிட்டயர்மெண்ட் தனக்கு மட்டும் இல்லை, அடுப்புக்கும்தான் என்று அறிவித்தாள். காலையும் இரவும் ஏதாவது செய்வாள். மதியம் வெளியே. அப்பாவுக்கு வெளிச்சாப்பாடு என்றாலே வயிறு கலங்கும். காலையில் செய்ததைச் சூடுபண்ணிச் சாப்பிட்டுக்கொள்வார். ஒரு பெண் தனியாகக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால், வீட்டில் ஏதோ சண்டை என்று நாலு பேர் நினைப்பார்களே என்பதுதான் அவர் கவலை.

"சண்டை போட்டுட்டுப் போறவ மூஞ்சியா இது?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவள் போனது அடுத்த சாலையில் இருந்த சாதாரண உணவகத்துக்கு. நான்கு நாற்காலி போட்ட மேசைகள், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், உள்ளே கைகழுவும் தொட்டியை ஒட்டி ஒரு சின்ன மேசை. சுற்றிலும் அலுவலகங்கள் என்பதால் மதியம் வாசலில் கூட்டம் நிற்கும். முதல் நாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சப்ளையர் வந்து எத்தனை பேர் என்று கேட்டார். ஒருத்திதான் என்றதும் தொட்டியோர மேசையைக் காட்டினார். கழுவிவிட்டுக் கை உதறியவர்களின் தண்ணீரில் பாதி அவள் சூப்புக்குள் விழுந்தது. மறுநாளும் அங்கேதான் அனுப்பினார். அன்று சாப்பிட்டு முடித்ததும் கல்லாவுக்குப் போனாள்.

"ஏன் தம்பி, கைகழுவுற இடத்துல உட்கார வெச்சா, என்னைக் கைகழுவிட்டீங்கன்னு அர்த்தமா?"

முதலாளி சிரித்துவிட்டார். நல்ல மனிதர். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. நாலு பேர் உட்காருகிற மேசையில் ஒருவர் உட்கார்ந்தால் மீதி நாற்காலிகள் சும்மா கிடக்கும், வாசலில் நிற்பவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்றார். அம்மா இதை ஃபோனில் சொன்னபோது, அவர் சொல்வது சரி என்றேன். நான் குழாய்களில் நீரோட்டம் கணக்கிடும் பொறியாளர். கொள்ளளவு வீணாவதை என்னால் ஆதரிக்க முடியாது.

"கணக்கு சரிதான்டி. நாற்காலி நிரம்பணும், அவ்வளவுதானே," என்றாள்.

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னவள், அன்று வாசலில் குடையுடன் நின்ற ஒரு பெண். வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். துக்கத்துக்கு வந்திருந்தாள். அம்மா நேராக ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாளாம். சப்ளையர் நெருங்குவதற்குள் வாசல் பக்கம் திரும்பி, நீலச் சட்டைக்காரர் தனியாக வந்திருந்தால் இங்கே இடம் இருக்கிறது என்று அறிவித்தாளாம். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. நீலச் சட்டைக்காரர் மருந்துக் கம்பெனி விற்பனையாளர். ஆசிரியை கூப்பிட்ட பையனைப் போல வந்து உட்கார்ந்தார். அடுத்து, குடை வைத்திருக்கும் பெண். அதற்கடுத்து லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவர், எண்ணெய்க் கையுடன். மேசை நிரம்பிவிட்டது. சப்ளையர் நான்கு தட்டுகள் எடுக்கப் போனார்.

அதுவே வழக்கமாயிற்று. யார் தனியாக வந்தாலும் அம்மா கூப்பிட்டுக்கொள்வாள். அந்த மேசையில் கல்யாணத்தைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. மீன் எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். எதுவும் பேசாமலும் சாப்பிடலாம். லிஃப்ட்காரர் பல மாதம் வாயே திறக்கவில்லை என்று டைப்பிஸ்ட் சொன்னாள். திறந்தபோது, மீனில் உப்பு கூட என்றாராம்.

முதலாளிக்கு ஒரே மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் ஒரு காரியம் செய்தார். 'தனியாக வருபவர்களுக்கு' என்று எழுதிய அழகான பலகை ஒன்றை ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டார்.

அம்மா நின்றபடியே அதைப் படித்தாள். எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவில் கவிழ்த்து வைத்தாள். "பஸ்லகூடத் தனியா வர்றவங்களுக்குன்னு சீட்டு ஒதுக்குறதில்ல தம்பி. காலியா இருக்கிற இடத்துல உட்காருவேன். எல்லாரையும் மாதிரி."

"உங்களுக்காகத்தாம்மா வெச்சேன்."

"தெரியும். அதான் உடைக்காமக் கொண்டாந்தேன்."

அவர் முகம் சுண்டிப்போனது. மறுநாள் அவள் வேண்டுமென்றே கடையின் நடுமேசையில் போய் உட்கார்ந்தாள். அன்று பார்த்து ஜன்னலோரக் கூட்டாளிகள் யாரும் வரவில்லை. வாசலில் நின்றவர்கள் எல்லாம் ஜோடியும் குடும்பமும். கூப்பிட ஆளில்லை. சுற்றி மூன்று நாற்காலிகள் காலி. மறுபடியும் தொட்டியோரம் அனுப்பினால் அந்தக் கடைக்கே வருவதில்லை என்று முடிவெடுத்து உட்கார்ந்திருந்ததாக அன்று மாலை என்னிடம் சொன்னாள். வேறு எங்கே போவாய் என்று கேட்டேன். எங்கேயும் இதே தொட்டிதான்டி என்றாள்.

சப்ளையர் பழக்கதோஷத்தில் எத்தனை பேர் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டுக் கல்லாவைப் பார்த்தார். முதலாளி சில்லறை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலேயே அவர்தான் சொன்னார்.

"எத்தனை பேர்னு எதுக்குக் கேக்கிற? என்ன வேணும்னு கேளு."

அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரிடமும் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. தொட்டியோர மேசைக்குத் தண்ணீர் ஜாடிகள் குடிவந்தன. வியாபாரம் குறையவில்லை என்று முதலாளியே என்னிடம் சொன்னார். என் கணிப்பு வேறாக இருந்தது.

பிறகு அம்மா நோயில் விழுந்தாள், நான் உடன் இருக்க வந்தேன். சிகிச்சைக்குப் பிறகு பல வாரம் அவளால் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. ஒருநாள் மதியம் சட்டென்று கிளம்பு என்றாள். அப்பா கூடாது என்றார். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அழைத்துப் போனேன்.

கடையில் இடம் இல்லை. ஜன்னலோரம் ஒருவருக்கொருவர் தெரியாத நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து ஓடிவந்தார். அவள் இளைத்திருந்த விதத்தைப் பார்த்தார். ஜன்னலோரம் இருந்த ஓர் இளைஞரிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அந்தப் பையன் பாதிச் சாப்பாட்டில் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"உட்காருங்க," என்றாள் அம்மா. கடை முழுக்கக் கேட்டது.

"அம்மா, நீங்க நிக்கக் கூடாது," என்றார் முதலாளி.

"நிக்கிறதுக்குத்தான் இவளைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

பையன் உட்கார்ந்தான். ஆனால் குற்றம் செய்தவன் போல அவசர அவசரமாக விழுங்க ஆரம்பித்தான்.

"மெதுவா சாப்பிடுங்க, முள்ளு இருக்கும். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

வாசலோரம் நின்றோம். அவள் எடை முழுவதும் என் கையில் இருந்தது. அதிகம் இல்லை. முதலாளி தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதிலும் உட்காரவில்லை. பையன் மீனைப் பிரித்து, முள்ளை ஒதுக்கி, தட்டைத் துடைத்தாற்போல் முடித்துவிட்டு எழுந்தான். அம்மா என் கையை விட்டாள். மேசைகளைப் பிடித்துப் பிடித்துத் தானே நடந்துபோய், மற்ற மூன்று பேருக்கும் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு நாற்காலிதான் காலியாகியிருந்தது. நான் அடுத்ததற்காக நின்றேன்.