ஏட்டு முனிரத்தினம் சாலைக்குப் பேர் வைத்த கதை

விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பந்தல்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துதான் ஏட்டு முனிரத்தினத்தின் மனைவி, "எங்க வீட்டுக்காரர் பேரு அந்த ரோட்டுக்கு வாணாங்க" என்றார்.

அப்போது நான் திருத்தணியில் சாலைத் துறை உதவிப் பொறியாளர். பொதட்டூர்பேட்டை போகும் வழியில் என் பொறுப்பில் ஒரு மோசமான வளைவு இருந்தது. உள்பக்கம் தாமோதரன் என்பவருடைய கரும்புத் தோட்டம், ரோட்டை ஒட்டி அவருடைய பம்ப்செட் கொட்டகை. எதிரே வரும் வண்டி மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் தெரியும். எங்கள் பாஷையில் சொன்னால் சைட் டிஸ்டன்ஸ், அதாவது பார்வைக்கு எட்டும் தூரம், கிடையாது.

முனிரத்தினம் போக்குவரத்துப் பிரிவில் தலைமைக் காவலர். காலையும் மாலையும் அந்த வளைவில் நின்று கை காட்டி வண்டிகளை விடுவார். அவரே ஸ்டேஷனில் கேட்டு வாங்கிக்கொண்ட டியூட்டி அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், லுங்கி மூட்டை ஏற்றிய டூவீலர்கள், ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு நடந்து வருபவர்கள், எல்லோரும் அவர் கையைப் பார்த்துத்தான் தாண்டுவார்கள். ஒருநாள் வீட்டில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். ஊர்க்காரர்கள் மனு மேல் மனு கொடுத்ததில், ரோட்டின் அந்தப் பகுதிக்கு அவர் பேரை வைக்கச் சொல்லி ஆர்டர் வந்தது.

போர்டு டிசைனைக் காட்டத்தான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி கஸ்தூரியம்மா மோர் கொடுத்தார். டிசைனை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார். பேரில் ஏதாவது பிழையா என்று கேட்டேன்.

"பேரெல்லாம் சரியா கீதுங்க. நாளைக்கி அந்த மூலையில வண்டி மோதினா பேப்பர்ல இன்னா போடுவாங்க? முனிரத்தினம் சாலையில விபத்துன்னு போடுவாங்க. அவரு நின்னுகினு இருந்த வரைக்கும் அங்க யாருக்கும் ஒண்ணும் ஆவலை. போர்டு கை காட்டுமாங்க?"

முதலில் வளைவைச் சரிசெய்யுங்கள், அப்புறம் பேர் வையுங்கள் என்று சொல்லி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டி.இ. கேட்ட கேள்வி

கோட்டப் பொறியாளரை நாங்கள் டி.இ. என்போம். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"போர்டு வைக்கச் சொன்னா ரோடே போடச் சொல்றியாய்யா?"

"நான் சொல்லலை சார், அந்தம்மா சொல்றாங்க. விழா அன்னிக்கி மேடையேறி மைக்குல சொன்னாங்கன்னா?"

டி.இ. விழாவைத் தள்ளிவைத்துவிட்டு எஸ்டிமேட் போடச் சொன்னார். ஒரே நிபந்தனை, கொட்டகைக்காரரிடம் நான்தான் பேச வேண்டும்.

தாமோதரன் தோட்டத்தில்

தாமோதரனிடம் ஏற்கெனவே பேசித் தோற்றவன் நான். இந்த முறை கஸ்தூரியம்மா தானும் வருவதாகச் சொல்லி ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ஏட்டு பேரை எடுத்ததுமே தாமோதரன் பொரிய ஆரம்பித்தார். ராங் சைடில் டிராக்டர் ஓட்டியதற்கு ஃபைன், லைட் எரியாததற்கு ஃபைன், சொந்த நிலத்திலிருந்து ரோட்டுக்கு ஏறியதற்கும் ஃபைன் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். தன்மேல் மட்டும் ஏட்டுக்கு என்ன காண்டு என்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுக் கஸ்தூரியம்மா சொன்னார்.

"எனக்கும் போட்டாருண்ணா. ஹெல்மெட் இல்லாம போனேன்னு, நடு பஜார்ல நிக்க வெச்சி."

தாமோதரன் அவரையே பார்த்தார். "பொண்டாட்டிக்கேவா?"

"ஆங். ஒரு வாரம் அவரோட பேசலை."

தாமோதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு பேச்சு சுலபமாக நடந்தது. கொட்டகையை உள்ளே தள்ளிக் கட்டித் தர வேண்டும், பைப்பை நாங்களே மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டோம். கரும்பையும் வெட்டு முடிந்ததும் பின்னால் தள்ளியே நட்டார்.

நாங்கள் உள்பக்கத்தை அகலப்படுத்தினோம். வண்டி வெளியே இழுக்காமல் திரும்புவதற்காக வளைவின் வெளி ஓரத்தை உயர்த்தினோம். சூப்பர் எலிவேஷன் என்பது அதுதான். வேலை முடிந்ததும் கஸ்தூரியம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். தன் வீட்டுக்காரர் நின்ற இடத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். தூரத்தில் லாரி ஒன்று முழுசாகத் தெரிந்தது. அது தாண்டிப் போகும்வரை நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப வெச்சிக்கங்க" என்றார்.

விழா நல்லபடியாக நடந்தது. நான் எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்ததுதான். முதல் மழை முடிந்த கையோடு போன் வந்தது.

"சார், எங்க வீட்டுக்காரர் மேல ஒரு பள்ளம் கீதுங்க. வந்து அடைங்க."

அன்றிலிருந்து புல் வளர்ந்தால் போன், வெள்ளைக் கோடு மங்கினால் போன். பேர் வைப்பது செத்தவருக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அன்றைக்கு அந்த ரோட்டுக்குக் கேள்வி கேட்க ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளே, பெயர்ப்பலகை வைக்கச் சொல்லி ஆர்டர் வந்தால் முதலில் அந்த வீட்டுக்குப் போய் உட்காருங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் அவர் என்னைத்தான் கூப்பிடுகிறார். இப்போதைய உதவிப் பொறியாளர் நம்பரைக் கொடுத்துப் பார்த்தேன். அவரை ஏற்கெனவே கூப்பிட்டாயிற்றாம், அவர் வேலையைச் செய்கிறாரா என்று நான் போய்ப் பார்க்க வேண்டுமாம். போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.