நான்காக மடித்த ஏப்ரன்

நாயை மேசையிலிருந்து இறக்கியதும் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனைக் கழற்றி, மேசையில் விரித்து, நான்காக மடித்து, விளிம்புகளை உள்ளங்கையால் அழுத்தி நீவிவிட்டால்தான் அவளுக்கு அடுத்த வேலை ஓடும். கால்நடை மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் பதினாறு வருஷமாக இதே கதை. டாக்டர்கள் வைத்த பெயர் மடிப்பக்கா. அப்படிக் கூப்பிட்டால் உச்சி குளிர்ந்துவிடும்.

கடிக்க வரும் நாயிடம், "ஏன்டா, நானா உன் காலை ஒடிச்சேன்?" என்று நியாயம் கேட்பாள். பூனைகளுக்கு "வாங்க மகாராணி" என்ற மரியாதை உண்டு. ஏப்ரனை நாற்காலியில் வீசியவர்களுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. அதைத் தொங்கவிடுவதற்கென்றே வாங்கிய தாங்கியில் நாய்ச் சங்கிலிகளை மாட்டி வைத்திருந்த மகராசி அவள்.

இளம் நர்ஸ் கர்ப்பமானதும் மடிப்பக்காதான் தினமும் ஏப்ரனைக் கட்டிவிட்டாள். "படம் எடுக்காதப்பவும் கழட்டாதடி. வயித்துல இருக்கிறதுக்கு இதுதான் கவசம்."

போன மாதம் சோதனைக்கு வந்த அதிகாரி, ஈரத் துணியால் மடிப்பைத் துடைத்தார். துணி கறுத்தது. மடித்து மடித்தே உள்ளிருந்த ஈயம் பொடிந்து, வெடிப்பு வழியாக உதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

"தொங்கத்தானே விடணும்? யாரு இதை மடிக்கிறது?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தன்னைக் கைகாட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ரத்தப் பரிசோதனையில் அவளுக்குத்தான் ஈயம் அதிகம். அதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நர்ஸுக்கும் இருந்தது; குழந்தைக்கும் போகும், அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். "எனக்கு என்ன வந்தா என்னங்க. என்னை நம்பித்தானே கட்டிக்கிட்டா" என்று டாக்டரிடம் சொல்லும்போது அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

இப்போது புது ஏப்ரன்கள் தாங்கியில் தொங்குகின்றன. அவற்றை இரண்டு விரலால்தான் எடுக்கிறாள். மடிப்பக்கா என்று யாரும் கூப்பிடுவதில்லை.

மருந்துப் பிரிவுக்கு மாற்றப்பட்ட நர்ஸ் நேற்று வாசல்வரை வந்து கூப்பிட்டாள். "அக்கா, உதைக்குதுக்கா! கை வெச்சுப் பாருங்க." கையைப் பிடித்து வயிற்றருகே கொண்டுபோனாள்.

இவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "இருடி, கழுவிட்டு வந்துடறேன்."

முழங்கைவரை சோப்புப் போட்டாள். அலசினாள். மறுபடி போட்டாள். நகக்கண்களைத் தேய்த்தாள்.

"தூங்கிடப் போகுதுக்கா, வாங்க."

"இதோ வந்துட்டேன்" என்றபடியே மறுபடியும் சோப்பை எடுத்தாள்.